வைடாலா, குடற்காய்ச்சல் பரிசோதனையா? தமிழில் எந்தப் பேரை அச்சிடுவது

ஆஸ்பத்திரி ஒன்று தமிழில் நோயாளிக் கையேடு போடுகிறது. லேப் ஒன்று ரிப்போர்ட்டின் பின்பக்கம் தமிழ் விளக்கம் அச்சடிக்கிறது. பால் சொசைட்டிக்குச் செய்முறைப் பலகை வேண்டும், நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்குத் தடுப்பூசி அட்டவணை வேண்டும், திருப்பூர் பிராசசிங் யூனிட்டுக்குக் காஸ்டிக் குறிப்பு வேண்டும். கொங்கு நாட்டில் இந்த மாதிரி எழுத்து வேலை வருஷம் முழுக்க நடக்கிறது. எல்லாவற்றிலும் எழுதுகிறவர் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்: பார்க்கின்சன், வைடால், மேரக், ஜெர்பர், பாமே என்று ஆள் பேரில் இருக்கிற சொற்களை என்ன செய்வது?

வழிகள் நான்கு. பேரைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடலாம். பொருள் விளங்கும் தமிழ்ப் பேர் போடலாம். ஆங்கில விளக்கப் பேரையோ சுருக்கத்தையோ தமிழ் எழுத்தில் போடலாம். இரண்டைச் சேர்த்தும் போடலாம். தமிழ்ப் பற்று ஒரு பக்கம் இழுக்க, 'எல்லாருக்கும் இங்கிலீஷ் பேர்தானுங்களே தெரியும்' என்ற வாதம் மறுபக்கம் இழுக்க, கூட்டத்தில் குரல் உயர்ந்தவர் சொன்னதே பெரும்பாலும் அச்சேறுகிறது. அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. படித்தவர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பாருங்கள். கவுன்டரில் காட்டப்போகிறாரா, வீட்டிலும் தொழுவத்திலும் கவனிக்கப்போகிறாரா, அல்லது அந்தப் பேரோடு ஒட்டிய எண்ணைப் படித்து வேலை செய்யப்போகிறாரா? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்காது.

லேப் சீட்டு

கவுன்டரில் காட்டும் சொல்லுக்கு ஆள் பேரே மேல். ஃபெர்னாண்ட் வைடால் 1896இல் பாரிஸில் சொன்ன பரிசோதனை இன்றைக்கு ஈரோட்டிலும் தாராபுரத்திலும் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் தெரிந்த சொல். 'குடற்காய்ச்சல் எதிர்ப்பொருள் பரிசோதனை' என்று எழுதினால் தமிழ் சரி, ஆனால் அந்தச் சீட்டை நீட்டினால் கவுன்டரில் இருக்கிறவர் டாக்டருக்கு ஃபோன் போடுவார். குடற்காய்ச்சலுக்கு ரத்தக் கல்ச்சரும் இருக்கிறது, டைஃபிடாட் போன்ற விரைவுப் பரிசோதனைகளும் இருக்கின்றன. எது என்று பேர்தான் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் அந்தப் பேர் மட்டும் இருந்தால் வேறொரு கோளாறு வருகிறது. 'வைடால் பாசிட்டிவ்' என்பதே நோயின் பேராகிவிட்டது. இந்தப் பரிசோதனை கிருமியைக் காட்டுவதில்லை. O, H என்ற இரண்டு வகை எதிர்ப்பொருள் எந்த அளவு நீர்த்த ரத்தத்திலும் வேலை செய்கிறது என்பதை 1:80, 1:160 என்று காட்டுகிறது. முன்பு வந்துபோன தொற்று, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல் எல்லாமே இந்த எண்ணைக் கூட்டலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. முதல் வாரத்தில் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர் இதைவிட நம்பகமானது. ஆகவே முன்பக்கம் 'வைடால்', பின்பக்க விளக்கத்தில் 'குடற்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் அளவு. இது மட்டும் நோயை உறுதி செய்யாது' என்ற ஒரு வரி. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

அதே சீட்டில் சால்மோனெல்லா என்ற பேரும் இருக்கும். டேனியல் சால்மன் அமெரிக்கக் கால்நடைத் துறை அதிகாரி; 1885இல் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பேர் மேலதிகாரிக்குப் போனது. 'கண்டுபிடித்தவர் பேரில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை' என்று புள்ளியியலாளர் ஸ்டீவன் ஸ்டிக்லர் 1980இல் ஒரு விதியே எழுதி, அந்த விதியையும் தனக்கு முன்னால் சமூகவியலாளர் மெர்ட்டன் சொல்லிவிட்டார் என்று சேர்த்துக்கொண்டார். எனவே கையேட்டில் 'கண்டுபிடித்தவர் பேரால்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 'இன்னார் பேரால் வழங்குவது' என்றால் தப்பு வராது.

மேன்டூ பரிசோதனையில் சிக்கல் உச்சரிப்பில். பிரெஞ்சு மருத்துவர் சார்ல் மேன்டூ பேர். டாக்டர் 'மேன்டூ' என்பார், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் 'மான்டாக்ஸ்' என்பார். வாயால் கேட்டது ஒன்று, சீட்டில் படித்தது ஒன்று என்றால் நோயாளி இரண்டு டெஸ்ட் என்று நினைத்துக்கொள்வது நடக்கிறது. 'தோல் பரிசோதனை' என்று மாற்றினாலும் தீராது. தோல் நோய்ப் பிரிவுக்கோ அலர்ஜி டெஸ்டுக்கோ ஆள் போய்விடுவார். 'மேன்டூ (மான்டாக்ஸ் என்றும் சொல்வார்கள்), காசநோய்க்கான தோல் ஊசி' என்பதே பாதுகாப்பு. அதற்குக் கீழே எழுத வேண்டிய வரிகள் பேரைவிட முக்கியம்: முன்கையில் 0.1 மில்லி ஊசி. சொறியக் கூடாது, களிம்பு தடவக் கூடாது. 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். சிவந்த அகலத்தை அளப்பதில்லை, தடித்த இடத்தின் அகலத்தைத்தான் மில்லிமீட்டரில் அளப்பார்கள். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிறு லீவு என்று செவ்வாய்க்கிழமை வருகிறவர்களுக்கு மறுபடி ஊசிதான்.

கிராம் சாயம் தனி வம்பு. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ்காரர் 1884இல் வெளியிட்ட முறை. தமிழ் எழுத்தில் அவரும் எடை அளவும் ஒன்றாகிவிடுகிறார்கள். 'கிராம் நெகடிவ்' என்ற வரிக்குக் கீழேயே '1 கிராம் ஊசி' என்று மருந்தளவு வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? எப்போதும் 'கிராம் சாயம்' என்று இரண்டு சொல்லாக எழுதுங்கள், தனியாக 'கிராம்' என்று விடாதீர்கள்.

நோயின் பேர்

இங்கேதான் தமிழ் விளக்கப் பேருக்கு ஆதரவு அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

பார்க்கின்சன் நோயை எடுத்துக்கொள்வோம். 'நடுக்குவாதம்' அழகான பேர், சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே இருப்பது. ஆனால் இந்த நோய் வந்த எல்லாருக்கும் நடுக்கம் இருக்காது. சிலருக்கு உடம்பு விறைப்பும் நடை மந்தமும்தான் முன்னால் வரும். 'நடுக்குவாதமா? அப்பாவுக்குக் கை நடுங்கறதே இல்லீங்களே' என்று வீட்டார் மாத்திரையை நிறுத்தக் காரணம் கிடைத்துவிடும். எதிர்ப்பக்கத்தில், குடும்பத்தில் தலைமுறையாக வரும் சாதாரணக் கைநடுக்கம் உள்ளவர் தனக்கும் இதே நோய் என்று பயந்துபோவார். இந்தப் பாடம் ஐரோப்பாவில் ஏற்கெனவே நடந்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் தன் கட்டுரையில் வைத்ததே விளக்கப் பேர்தான்: நடுங்கும் முடக்குவாதம். பிறகு வந்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, இதில் முடக்கமும் இல்லை, எல்லாரிடமும் நடுக்கமும் இல்லை என்று சொல்லி, அதை விட்டு பார்க்கின்சன் பேரை வைத்தார். விளக்கப் பேர் அதை வைத்த காலத்து அறிவோடு உறைந்துவிடும். ஆள் பேருக்கு உள்ளே பொருள் ஒன்றும் இல்லை, அதனால் அறிவு மாறினாலும் தாங்கும்.

எப்போதும் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. 1827இல் ரிச்சர்ட் பிரைட் விவரித்த சிறுநீரக நோய் நூறு வருஷம் 'பிரைட் நோய்' என்றே இருந்தது. அது ஒரே நோய் அல்ல, பல நோய்களின் மூட்டை என்று தெரிந்தபின் பேர் மறைந்துவிட்டது.

பார்க்கின்சனுக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் நோய் அந்தப் பேரிலேயே இருக்கிறது. சான்றிதழுக்கு மனுப் போடும்போது கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கையேட்டிலும் அதே சொல் இருந்தால் அலைச்சல் குறையும். 'நடுக்குவாதம்' என்று மட்டும் எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. முடிவு: தலைப்பில் 'பார்க்கின்சன் நோய்'; முதல் பத்தியில் 'விறைப்பு, மந்தம், சிலருக்கு நடுக்கம்' என்ற விளக்கம். 'பார்க்கின்சனின் நோய்' என்று வேற்றுமை உருபு போட வேண்டாம். அது அவருக்கு வந்த நோய்போல ஒலிக்கிறது. ஆங்கிலத்திலேயே அந்த உடைமை உருபை விட்டுவிடச் சொல்லி 1970களில் பரிந்துரை வந்துவிட்டது.

அல்சைமரும் இதே வழிதான். 'மறதி நோய்' என்று எழுதினால், 'வயசானா மறதி வரத்தானுங்க செய்யும்' என்று பேச்சு முடிந்துவிடும். மேலும் மறதி நோய்க்குக் காரணங்கள் பல. தைராய்டுக் குறைவும் பி12 குறைவும்கூட மறதி கொடுக்கும், அவை சரிசெய்யக் கூடியவை. பொதுவான நிலைக்கு 'மறதி நோய்', அதில் ஒரு வகைக்கு 'அல்சைமர்' என்று இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

தொழுநோயில் தலைகீழ். நார்வேயின் ஹேன்சன் 1873இல் கிருமியைக் கண்டவர். 'ஹேன்சன் நோய்' என்று எழுதினால் களங்கம் குறையும் என்பது உண்மை; ஓ.பி. சீட்டிலும் வேலைக்குப் போகிறவரின் மருத்துவச் சான்றிலும் அதுவே கண்ணியம். ஆனால் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டும் நோட்டீசில் 'ஹேன்சன் நோய் முகாம்' என்று போட்டால் யாரும் வரமாட்டார்கள், அது என்னவென்றே தெரியாது. நோட்டீசுக்கு நோயின் பேரைவிட அடையாளம் பெரிதாக இருக்கட்டும்: 'உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? தொழுநோயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 6 மாதம் அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் குணமாகும், மருந்து இலவசம்.' 'குஷ்டம்' எந்த இடத்திலும் வேண்டாம்.

காசநோயில் ஆள் பேர் ஆபத்தாகவே முடிகிறது. ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று கிருமியை அறிவித்தவர். நோயாளி முன்னால் 'டி.பி.' என்று சொல்லக் கூசி 'காக்ஸ்' என்று எழுதும் பழக்கம் டாக்டர்களிடம் உண்டு. விளைவு: பழைய சீட்டில் 'ஓல்டு காக்ஸ்' என்று இருக்கும், ஆபரேஷனுக்கு முன் 'முன்னால டி.பி. வந்துருக்குதா?' என்று கேட்டால், 'இல்லீங்க' என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. பெருந்துறையில் காசநோய் சானடோரியம் நடந்த வட்டாரம் இது. இங்கே டி.பி. என்றால் விளக்கம் வேண்டியதில்லை. 'காசநோய், டி.பி.' என்று இரண்டையும் போட்டு 'காக்ஸ்' என்ற பேரை விட்டுவிடுங்கள். அதே சமயம் பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி.யில் கால்மெட், கெராங் என்று இரண்டு ஆள் பேர் ஒளிந்திருக்கிறது. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, சுருக்கமாகவே இருக்கட்டும்.

டவுன் சிண்ட்ரோமுக்கு வருவோம். டவுன்பஸ்ஸும் கோவை டவுன்ஹாலும் நாளெல்லாம் காதில் விழும் ஊரில் 'டவுன் நோய்' என்று எழுதிப் பாருங்கள். நகரத்தில் வரும் நோய் என்றோ, குழந்தை ஏதோ 'டவுனாக' இருக்கிறது என்றோதான் படிப்பார்கள். ஜான் லாங்டன் டவுன் 1866இல் விவரித்தபோது வைத்த பேர் ஓர் இனத்தாரைக் கொச்சைப்படுத்தியது. 1961இல் 19 அறிவியலாளர்கள் லான்செட் இதழில் அந்தப் பேரை மாற்றச் சொல்லி எழுதினார்கள்; 1965இல் மங்கோலியா உலக சுகாதார நிறுவனத்தில் ஆட்சேபித்தபின் பழைய பேர் கைவிடப்பட்டது. குரோமோசோம் 21 மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இல் லெஜோன் குழு காட்டியிருந்ததால் 'ட்ரைசோமி 21' என்ற விளக்கப் பேரும் தயாராக இருந்தது. லேப் ரிப்போர்ட்டில் பெற்றோர் பார்க்கப்போவது அதைத்தான். ஆகவே கையேட்டில் மூன்றும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்: 'டவுன் சிண்ட்ரோம், ட்ரைசோமி 21, அதாவது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று.' 'டவுன்' என்று தனியாக ஒருபோதும் விடக் கூடாது, 'நோய்' என்றும் சேர்க்கக் கூடாது. மாற்றுத்திறனாளிச் சட்டப் பட்டியலில் இந்தப் பேர் தனியாக இல்லை, அறிவுசார் குறைபாட்டின் கீழ் பார்ப்பார்கள் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

தொழுவமும் பண்ணையும்

கால்நடைக்குத் தமிழ்ப் பேர் நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அது மொழிபெயர்ப்பில் பிறந்ததில்லை. மால்டாவில் டேவிட் புரூஸ் 1887இல் கண்ட கிருமியும், டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பேங் 1897இல் மாட்டில் கண்ட கிருமியும் ஒரே குடும்பம். புரூசெல்லோசிஸ், பேங்ஸ் என்று இரண்டு ஆள் பேர். நம் பக்கம் 'கன்று வீச்சு நோய்'. 'ஏழாம் மாசத்துல கன்னு வீசிருச்சுங்க' என்று ஃபோன் வரும்போது அறிகுறியும் பேரும் ஒன்றாகவே வந்துவிடுகிறது. பலகையில் அதையே போடுங்கள். ஆனால் கன்று வீசியதெல்லாம் புரூசெல்லா ஆகாது. லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் கிருமியும் அடிபட்டதும்கூட அதைச் செய்யும். எனவே ரத்தம் எடுத்து அனுப்பும் படிவத்தில் 'புரூசெல்லா' இருக்கட்டும். அந்தப் படிவத்தில் வரும் 'ரோஸ் பெங்கால்' ஆள் பேர் இல்லை, ஒரு சாயத்தின் பேர். இப்படிப் போலி ஆள் பேர்களும் உண்டு. விவசாயிக்குப் பேரைவிட வேண்டியது: எஸ்19 தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஒரே முறை, காளைக்கன்றுக்குக் கிடையாது, சினை மாட்டுக்குக் கிடையாது, வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும், காய்ச்சாத பால் குடித்தால் மனிதருக்கும் தொற்றும்.

கோழியில் நிலைமை கலவை. ராணிக்கெட் ஊர்ப் பேர், அதையே வெளிநாட்டில் நியூகாசில் என்பார்கள், அதுவும் ஊர்ப் பேர். தமிழில் வெள்ளைக்கழிச்சல். நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டுக்கு வெள்ளைக்கழிச்சல் போதும், முகாமுக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெரிய பண்ணைக்கு அது போதாது. கம்போரோ என்ற வைரஸ் நோயிலும் கழிச்சல் வெள்ளையாக வரும், சால்மோனெல்லாவால் குஞ்சுக்கு வரும் 'புல்லோரம்' நோயிலும் வெள்ளைதான். மருந்துக்கடையில் கேட்க வேண்டியது 'லசோட்டா' தடுப்பு மருந்து, அது கிருமி எடுக்கப்பட்ட அமெரிக்கப் பண்ணைக்காரரின் பேர். குஞ்சுக்கு 5 முதல் 7 நாள் வயதுக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. ஆகவே பண்ணை அட்டவணையில் குப்பியில் அச்சிட்டிருக்கும் பேரை முதல் பத்தியில் போட்டு, தமிழ்ப் பேரை அடுத்த பத்தியில் போடுங்கள்.

மேரக் நோய்க்குத் தமிழ்ப் பேர் கட்டவே வேண்டாம். 1907இல் புடாபெஸ்டின் யோஷெஃப் மேரக் விவரித்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கோழி விழுந்து கிடக்கும். 'கோழிவாதம்' என்று வைத்தால் வைட்டமின் குறைவால் கால் இழுப்பதையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். வைட்டமின் தண்ணீரில் கலந்து கொடுத்து மூன்று நாள் காத்திருந்தால் மேரக் போகாது. இதன் தடுப்பூசி பொரிப்பகத்திலேயே முதல் நாள் கழுத்துத் தோலடியில் போடுவது. உயிரணுவோடு உறைந்த வகை என்றால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் வைத்து, உருக்கிய ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குஞ்சு வாங்கும்போது 'மேரக்ஸ் போட்டதுங்களா?' என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குவதுதான் பண்ணைக்காரர் செய்யக் கூடியது. அதற்கு அந்தப் பேர் வேண்டும்.

எண்ணோடு ஒட்டிய பேர்

இந்த வகையில் பேரை எடுத்தால் எண் செத்துவிடும். எனக்குக் கேட்டால், ஆள் பேர் வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் முதலில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பாலில் கொழுப்பை அளக்கும் ஜெர்பர் முறையைக் 'கொழுப்புப் பரிசோதனை' என்று எழுதலாம்தான். ஆனால் மில்க் அனலைசரும் கொழுப்பைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் பேப்காக் முறையும் கொழுப்பைத்தான் அளக்கிறது, அதற்குப் பாட்டில் வேறு, அளவு வேறு. ஜெர்பர் என்றால்தான் பியூட்டிரோமீட்டர் என்ற அளவுக் குழாயில் முதலில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் பக்கவாட்டில் மெதுவாக 10.75 மில்லி பால், கடைசியாக 1 மில்லி அமைல் ஆல்கஹால் என்பது உறுதியாகும். அமிலத்தின் அடர்த்தி 27 டிகிரி செல்சியஸில் 1.807 முதல் 1.812. அதைவிடக் கெட்டியானால் கொழுப்புக் கம்பத்தின் அடியில் கருப்புத் துகள் நிற்கும், நீர்த்திருந்தால் வெள்ளைத் தயிர்க்கட்டி கரையாமல் நிற்கும். இரண்டிலும் ரீடிங் தப்பு. கட்டி கரையக் குலுக்கி, 65 டிகிரி தண்ணீரில் வைத்து, 1,100 சுற்று வேகத்தில் 4 முதல் 5 நிமிஷம் சுற்றி, மறுபடி 65 டிகிரியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆறிய பிறகு படித்தால் கொழுப்புக் கம்பம் சுருங்கிக் குறைத்துக் காட்டும். நஷ்டம் பால் ஊற்றியவருக்கு. அமைல் ஆல்கஹால் கூடிப்போனால் ஏற்றிக் காட்டும்.

பேர் மட்டும் போதாது என்பதற்கும் இதே சொசைட்டியில் உதாரணம் உண்டு. ரிச்மண்ட் சூத்திரம். எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) கணக்கிட, பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் ரீடிங்கை 4ஆல் வகுத்து, கொழுப்பின் ஒரு பங்கையும் ஒரு மாறா எண்ணையும் கூட்டுவது. அந்தப் பங்கும் மாறா எண்ணும் இடத்துக்கு இடம் வேறு. லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.0 என்று வையுங்கள். கொழுப்பை 0.21ஆல் பெருக்கி 0.36 கூட்டினால் 8.20. கொழுப்பை 0.25ஆல் பெருக்கி 0.44 கூட்டினால் 8.44. 0.22, 0.72 போட்டால் 8.60. மூன்றும் 'ரிச்மண்ட்' என்றே சொல்லப்படுகிறது, பாலோ ஒன்றுதான். தரக் கோடு 8.3 என்றால் ஒரு கணக்கில் தேறாது, மற்ற இரண்டில் தேறும். லாக்டோமீட்டர் எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்பதைப் பொறுத்து மாறா எண் மாறும். பலகையில் 'ரிச்மண்ட் சூத்திரம்' என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். முழுச் சூத்திரத்தையும் எண்ணோடு எழுதி, லாக்டோமீட்டரின் வெப்பநிலையையும் பக்கத்தில் போடுங்கள்.

திருப்பூரில் பாமேயும் டுவாடெலும். இரண்டும் திரவத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு, இரண்டும் ஆள் பேர். மெர்சரைஸ் செய்ய, அதாவது பருத்தித் துணியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பளபளப்பேற்ற, காஸ்டிக் சுமார் 30 பாமே என்று குறிப்பில் இருக்கும். அதே அடர்த்தி டுவாடெலில் 52. பேரை விட்டு '30 டிகிரி காஸ்டிக்' என்று எழுதினால், கையில் டுவாடெல் மீட்டர் வைத்திருப்பவர் 30 வந்ததும் நிறுத்துவார்; அது பாமேயில் 19க்கும் கீழே. துணி பாதி மெர்சரைஸ் ஆகும், பளபளப்பு ஏறாது, டையிங்கில் ஷேடு விழுவது மாறும், குற்றம் சாயக்காரர் தலையில் விழும். ஒப்பு அடர்த்தி 1.26 என்றும் சேர்த்து எழுதினால் எந்த மீட்டருக்கும் பொருந்தும். மெர்சரைஸ் என்ற வினையே ஜான் மெர்சர் பேரில் வந்தது. 1850இல் பேட்டன்ட் அவருடையது, ஆனால் துணியை இழுத்துப் பிடித்துச் செய்தால் பட்டுப்போலப் பளபளக்கும் என்று பின்னாளில் காட்டியது ஹோரஸ் லோ. இந்தச் சொல்லையும் பாஸ்சுரைஸையும் மொழிபெயர்க்க முயல வேண்டாம். 'பதப்படுத்திய பால்' என்றால் 72 டிகிரியில் 15 நொடி வைத்ததும் அதுதான், மாதக்கணக்கில் வெளியே வைக்கிற டெட்ரா பாக்கெட்டும் அதுதான்.

வெப்பநிலையில் வரலாறு எதிர்த்திசையில் போயிருக்கிறது. சென்டிகிரேட் என்ற விளக்கப் பேர் கோண அளவோடு குழம்பியதால் 1948இல் அதை விட்டு செல்சியஸ் என்ற ஆள் பேரை எடுத்துக்கொண்டார்கள். (செல்சியஸ் 1742இல் போட்ட அளவில் கொதிநிலை 0, உறைநிலை 100. பிறகு திருப்பினார்கள்.) வீட்டில் 'நூத்தி ரெண்டு காய்ச்சல்' என்பது ஃபாரன்ஹீட், தடுப்பூசி ஃபிரிட்ஜின் '2 முதல் 8' என்பது செல்சியஸ். ஒரே கையேட்டில் இரண்டும் வரும். வெறும் 'டிகிரி' என்று எங்கும் விடாதீர்கள்.

உடலுறுப்பு

இதில் தமிழ் பட்டவர்த்தனமாக வெல்கிறது. ஃபெலோப்பியன் குழாய்க்குக் கருக்குழாய், யூஸ்டேசியன் குழாய்க்கு நடுச்செவிக்குழல். உடற்கூற்றுப் பேர்ப் பட்டியலில் 1955இலேயே ஆள் பேர்களை விட்டுவிட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் என்பதால் அடைப்புக்குள் ஒருமுறை போதும்.

எழுத்துக்கூட்டல்

அல்சைமர், ஆல்ஸைமர், அல்ஷைமர் என்று ஒரே கையேட்டில் மூன்று இருந்தால் ஃபோனில் தேடுகிறவருக்கு மூன்று விதப் பக்கம் வரும். மூல மொழி உச்சரிப்பைத் துரத்த வேண்டாம். ஓ.பி.யில் காதில் விழும் ஒலியையே எழுதி, ஒரு பட்டியல் தயாரித்து அச்சகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். பிரஞ்சில் 'விடால்' என்றாலும் இங்கே 'வைடால்' என்றே இருக்கட்டும். மருந்துச் சீட்டோடும் குப்பியோடும் ஒப்பிட வேண்டிய பேர்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை, முதல் இடத்தில் அச்சிடுங்கள். எழுத்தை எழுத்தாகப் பொருத்திப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

பட்டியலை விட்டுப் போன பேர்கள்

சில ஆள் பேர்களை மருத்துவ உலகமே நீக்கிவிட்டது. ஹான்ஸ் ரைட்டர் நாஜி முகாம் கைதிகள்மேல் நடந்த சோதனைகளில் பங்குள்ளவர் என்பதால் ரைட்டர் சிண்ட்ரோம் இன்று ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். நாஜிக் கட்சியில் இருந்த வெக்னர் பேரிலான ரத்தக்குழாய் அழற்சிக்கு 2011இல் ஜி.பி.ஏ. (கிரானுலோமேட்டோசிஸ் வித் பாலிஆன்ஜைட்டிஸ்) என்ற விளக்கப் பேர் வந்தது. ஆஸ்பெர்கர் 2013இலேயே அமெரிக்க மனநலக் கையேட்டில் ஆட்டிசத்தோடு இணைக்கப்பட்டுத் தனிப் பேரை இழந்தது. புதிதாக வரும் தொற்று நோய்களுக்கு ஆள் பேரும் ஊர்ப் பேரும் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிவிட்டது. புதுக் கையேட்டில் இவற்றைத் தலைப்பாக வைக்க வேண்டாம். ஆனால் பத்து வருஷப் பழைய கோப்போடு வருகிறவர் இன்னும் இருக்கிறார். 'முன்பு ஆஸ்பெர்கர் எனப்பட்டது' என்ற வரியை ஆட்டிசம் பக்கத்தின் முதல் பத்தியில் விட்டுவையுங்கள், பழைய பேரை வைத்துத் தேடுகிறவரும் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வார். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும்போது அந்த வரி இன்னும் தேவையா என்று ரெக்கார்டு ரூமில் கேட்டுக்கொள்ளலாம்.